பாலத்துக்கு இந்தப் பக்கம்

தலையணையை அப்பாவின் தோளுக்கும் வண்டிக் கதவுக்கும் நடுவில் திணித்துவிட்டு, சீட் பெல்ட்டை இன்னொரு பிடி இழுத்தாள் வெர்லீன். எலும்பில் உரசியிருக்கும், ஆனால் ஹோசியா பிக்கட் முகம் சுளிக்கவில்லை. ஆக்ஸிஜன் உருளையைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி, அது உருளாமல் இருக்க அவருடைய பழைய வேலைச் சட்டையைச் சுருட்டி வைத்தாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆஸ்பத்திரிப் பையன் தயங்கியபடி நின்றான்.

"ரெண்டு நாள் பொறுத்தா ஆம்புலன்ஸே வந்துடும் மேடம். வீட்டுக்கு நர்ஸும் ஏற்பாடு பண்ணிடுவாங்க."

"ரெண்டு நாள் உன்கிட்ட இருக்கு, தம்பி. அவருகிட்ட இல்ல" என்று பின்சீட்டிலிருந்து பதில் வந்தது. எர்னஸ்டீன் அத்தை, ஹோசியாவின் தங்கை. எழுபத்தாறு வயது. மடியில் கைப்பை, தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. இன்று செவ்வாய்க்கிழமை. ஆனால் அண்ணனை வீட்டுக்குக் கூட்டிப் போவதற்குத் தொப்பி வேண்டும் என்று அவளாக முடிவு செய்திருந்தாள்.

காலை பத்து மணிக்கே தார் மினுமினுத்தது. ஹென்லி கவுண்டியின் சாலைகள் எப்போதும் அப்படித்தான். ஏரிக்கரையில் பணக்காரர்கள் வீடு கட்டினார்கள், டயர் கம்பெனி வந்தது, சாலைக்கு வருஷா வருஷம் புதுத்தார் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலிவர் கவுண்டி. அங்கே பருத்தி போனது, பருத்தியோடு ஆட்கள் போனார்கள், பள்ளிக்கூடம் மூன்று ஒன்றானது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியையும் மூடினார்கள். அதன்பிறகு டாலிவர்க்காரர்கள் எல்லோரும் காகிதத்தில் ஹென்லியில் பிறந்து ஹென்லியில் சாகிறார்கள். டாலிவரிலேயே சாக வேண்டுமென்றால் யாரிடமும் சொல்லாமல் சாக வேண்டும் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் வேடிக்கை.

ஹோசியாவுக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. மூன்று நாளாகப் படுக்கையில் கிடந்தபடி ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "பாலத்துக்கு இந்தப் பக்கம் என்னை விட்டுடாதே, வெர்லீன்." டாக்டர் நுரையீரல் படத்தைக் காட்டிப் பேசியபோதும் அதையேதான் சொன்னார். வெர்லீன் இன்று காலை ஆறு காகிதங்களில் கையெழுத்துப் போட்டு அவரை வெளியே கொண்டுவந்துவிட்டாள். என்ன நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பில்லை என்று ஆறிலும் எழுதியிருந்தது.

வண்டி கிளம்பியது. பாலம் பதினேழு மைல்.

"என்ன சாலை இது, வழுவழுன்னு" என்றாள் அத்தை. "ஓடறோமா நிக்கறோமான்னே தெரியல. ஏண்ணே, இதையும் நீதான் இழுத்தியா?"

ஹோசியாவின் உதடு ஒரு பக்கம் கோணியது. அது சிரிப்பு. முப்பத்தெட்டு வருஷம் டாலிவர் கவுண்டியின் மண்சாலைகளை கிரேடர் வண்டியால் சமன்படுத்தியவர் அவர். ஆற்றுப்பாலம் வரை வந்து, எல்லைப் பலகைக்கு நேராக பிளேடைத் தூக்கிவிடுவார். ஓர் அங்குலம்கூட ஹென்லிக்காரனுக்கு ஓசியில் இழுத்ததில்லை என்று பெருமையடித்துக்கொள்வார். அவர் ஓய்வு பெற்ற பிறகு டாலிவரின் சாலைகள் கெட்டுப்போயின. செப்பனிடக் காசில்லாமல் தார்ச்சாலைகளைக்கூடப் பெயர்த்து மறுபடி சரளையாக்கினார்கள். பாலம் தாண்டியதும் வண்டி கடகடவென்று பல் ஆடுகிற மாதிரி ஆடும். பாலத்திலிருந்து அரை மைலில் வீடு. வெர்லீன் சிறுமியாக இருந்த காலத்திலேயே, வாசலில் நின்றால் அந்தச் சத்தத்தை வைத்து அப்பா வருவதைச் சொல்லிவிடலாம். பாலத்தில் ஒன்றும் கேட்காது. திடீரென்று சரளைச் சத்தம் ஆரம்பிக்கும். அம்மா அடுப்பை மூட்டுவாள்.

"இப்ப நம்ம கவுண்டியில எத்தனை பேருண்ணே?" என்று கேட்டாள் அத்தை. அவரைப் பேச வைக்க வேண்டுமென்றால் இந்தக் கேள்விதான்.

"எட்டாயிரத்து..." மூச்சு வாங்கினார். "நூத்துப் பன்னெண்டு."

"அது நாலு வருஷத்துக்கு முந்தி எண்ணினது."

"வேற எண்ணிக்கை... வரலையே."

இந்த எண் விஷயம் டாலிவர் முழுக்கத் தெரிந்த கதை. 1965இல் இருபத்திரண்டு வயது ஹோசியா, ஓட்டர் பட்டியலில் பேர் சேர்க்க நீதிமன்றக் கட்டிடத்துக்குப் போனார். கறுப்பு ஆட்களிடம் மட்டும் கேள்வி கேட்பார்கள், என்ன கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கவுண்டியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தார். எத்தனை சதுர மைல், எந்த வருஷம் உண்டானது, எத்தனை ஓடைகள். குமாஸ்தா கிட்ரெல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, கவுண்டியில் எத்தனை பேர் என்று கேட்டார். பத்தொன்பதாயிரத்து நானூற்று முப்பத்தொன்று என்றார் ஹோசியா. குமாஸ்தா நிதானமாகத் தலையை ஆட்டினார். "தப்பு. மரமில்காரக் கிழவர் இன்னைக்குக் காலையில செத்துட்டார். இப்ப முப்பதுதான். அடுத்த ஆள் வா." அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

சட்டம் மாறி, மத்திய அரசின் ஆட்கள் வந்து உட்கார்ந்தபோது மறுபடி போனார். அவர்கள் பெயரையும் முகவரியையும் மட்டும் கேட்டார்கள். ஹோசியா கேட்காமலே எண்ணையும் சொல்லிவிட்டு வந்தார்.

ஆள் எங்கே சாகிறான் என்பதற்கும் மக்கள்தொகைக் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்று வெர்லீனுக்குத் தெரியும். ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். "தெரியும்மா" என்றார் அவர். "இருந்தாலும் என்னைக் கழிக்கறதை டாலிவர் புஸ்தகத்துலயே கழிக்கட்டும். அதுல பேரைச் சேர்க்கறதுக்கு எவ்வளவு பாடுபட்டேன்."

பன்னிரண்டாவது மைலில் கண்ணை மூடியபடி கேட்டார். "பாலமா?"

"இல்லப்பா. இன்னும் அஞ்சு மைல்."

வலது கை முழங்காலில் கிடந்தது. ஆள்காட்டி விரல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. கிரேடர் இன்ஜின் ஓடுகிறபோது அவர் ஸ்டீயரிங்கில் அப்படித்தான் தட்டுவார். வெர்லீன் சாலையை ஒரு கண்ணாலும் விரலை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். தேவாலயம் போனது, படகு விற்கிற கடை போனது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரத் தாமதமானது. அவள் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள். பதினொன்றில் வந்தது. அதற்கடுத்ததற்கு முப்பது வரை எண்ணினாள். விரல் நின்றிருந்தது.

அவள் கால் பிரேக்குக்குப் போனது. இடப்பக்கம் பெட்ரோல் நிலையம், அதை ஒட்டித் தீயணைப்பு நிலையம், வாசலிலேயே வெள்ளை ஆம்புலன்ஸ். நிறுத்தினால் ஓடி வருவார்கள். நெஞ்சை அழுத்துவார்கள். அப்புறம் ஹென்லி கவுண்டி என்று எழுதுவார்கள்.

"இங்க நிக்காதே" என்றாள் அத்தை.

"அத்தை..."

"எனக்கு இங்க ஒண்ணும் வாங்கறதுக்கில்ல. நீ ஓட்டு."

வெர்லீன் கண்ணாடியில் பார்த்தாள். அத்தை முன்னால் குனிந்து அண்ணனின் தோளைப் பிடித்திருந்தாள். தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வெர்லீன் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்தாள்.

அங்கிருந்து அத்தை பேச்சை நிறுத்தவே இல்லை. "அண்ணே, கோழிப்பண்ணை வந்துடுச்சு பாரு. நாத்தம் உனக்கே தெரியும். இந்தா, கிரேசன் வீட்டு வளைவு. எழுபத்தொம்போதுல இங்கதான் நீ வண்டியப் பள்ளத்துல விட்டே. மான் குறுக்க வந்துச்சுன்னு பொய் சொன்னே. மான் இல்ல, பீருன்னு எனக்குத் தெரியாதா?" குரல் ஒருதரம்கூட உடையவில்லை. வெர்லீன் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. அழுதால் சாலை தெரியாது. அப்பாவுக்காக அழக்கூட நேரமில்லாமல் போய்விட்டதே என்று அவள் நெஞ்சு எரிந்தது. ஆக்ஸிஜன் மட்டும் உஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது.

பாலம் வந்தது. டலாவா ஆறு கோடையில் வற்றி, சுண்ணாம்புப் பாறை வெளுத்துக் கிடந்தது. எல்லைப் பலகையில் யாரோ துப்பாக்கி பழகிய ஓட்டைகள். முன்சக்கரம் சரளையில் இறங்கியதும் வண்டி கடகடத்தது. அப்பாவின் தலை தலையணையில் மெல்ல மேலும் கீழும் ஆடியது. யாரோ கேட்டதற்கு ஆமாம், ஆமாம் என்று சொல்வது போலிருந்தது.

"வந்துட்டோம்ணே" என்று சொல்லிவிட்டு அத்தை வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் பீக்கன் கொட்டை மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள் வெர்லீன். இரண்டு பெண்களால் அவரைத் தூக்க முடியாது. வண்டியிலேயே வைத்துக் கதவைத் திறந்துவிட்டு, போன் செய்தாள். டாக்டர் பக்கத்தில் இல்லாமல் யாராவது இறந்தால் கவுண்டியின் கரோனர் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும். டாலிவரின் கரோனர் வேட் கிட்ரெல். மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறவர், ஓட்டில் ஜெயித்து இந்தப் பதவியையும் பார்க்கிறார். பழைய குமாஸ்தா அவருடைய தாத்தாவின் அண்ணன். ஹோசியா தீவனக் கடைக்குப் போகும்போதெல்லாம், "என்ன தம்பி, இன்னைக்குக் காலையில எத்தனை பேரு?" என்று கேட்பார். வேட் காது சிவக்க மூட்டையைத் தூக்கி வண்டியில் போடுவார்.

இருபது நிமிஷத்தில் வந்தார். சட்டையில் தவிட்டுத்தூள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹோசியாவின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குனிந்து ஆக்ஸிஜன் உருளையின் திருகை மூடினார். உஸ்ஸென்ற சத்தம் நின்றது. அப்போதுதான் வெர்லீனுக்கு அப்பா போய்விட்டார் என்பது முழுதாகத் தெரிந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வேட் காகிதத்தை வண்டியின் பானெட் மேல் வைத்தார். "மன்னிச்சுக்குங்க மிஸ் வெர்லீன். கேட்டே ஆகணும். எங்க போனாரு?"

"பாலம் தாண்டி" என்றாள் அத்தை. "தாண்டினதும் 'பாலமா?'ன்னாரு. ஆமாண்ணேன்னு சொன்னேன். அப்புறம்தான் போனாரு."

வேட் அத்தையைப் பார்க்கவில்லை. "ஆத்துக்கு அந்தப் பக்கம்னா நான் பேனாவையே எடுக்கக் கூடாதும்மா. அங்க இருக்கற ஆளைக் கூப்பிடணும். தெரிஞ்சே மாத்தி எழுதினா என் பதவி போயிடும்." அவர் குரல் தணிந்தது. "வண்டி ஓட்டினது நீங்க. நீங்க சொல்லுங்க."

வெர்லீன் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு வேதப்பாடம் எடுக்கிறவள். பொய் வாயில் வரவில்லை. நிஜத்தைச் சொன்னால் அப்பா திரும்ப அந்தப் பக்கம் போய்விடுவார். ஒரு நிமிஷம் அவள் அப்பாவின் முழங்காலில் கிடந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரளைச் சத்தம் ஆரம்பிச்சதும் தலையை ஆட்டினாரு" என்றாள். "நான் பார்த்தேன்."

வேட் திரும்பி, தான் வந்த சாலையைப் பார்த்தார். அந்தச் சாலையில் எந்தத் தலைதான் ஆடாது? அது அவருக்கும் தெரியும். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். இறந்த இடம் என்ற கட்டத்தில் டாலிவர் என்று பெரிய எழுத்தில் எழுதியதை வெர்லீன் தலைகீழாக வாசித்தாள்.

"எங்க பெரிய தாத்தா சாகற வரைக்கும் அந்த எண்ணிக்கைக் கதையை வருஷா வருஷம் நன்றித் திருநாள் விருந்து மேசையில சொல்லுவாரு" என்றார் வேட், காகிதத்தைப் பார்த்தபடி. "எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிச்சிருக்கேன்."

அத்தை தொப்பியை நேராக வைத்துக்கொண்டாள்.

வேட் வண்டியின் திறந்த கதவருகே போய் நின்று, ஹோசியாவிடமே சொல்வதுபோல் சொன்னார். "எட்டாயிரத்து நூத்துப் பதினொண்ணு, ஐயா. இன்னைக்குக் காலையிலேருந்து."

வேட் அப்பாவை ஐயா என்று கூப்பிட்டு வெர்லீன் கேட்டதில்லை.

சவ அடக்கக் கடையும் ஹென்லியில்தான். டாலிவரில் இருந்த ஒன்றையும் மூடிவிட்டார்கள். மதியம் கறுப்பு வண்டி வந்தது, இரண்டு பேர் கையுறை போட்டுக்கொண்டு மரியாதையாக அவரை எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை அடக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவருவார்கள். கூடப் போகலாமா என்று கேட்டாள் அத்தை. வேண்டாம் என்று தலையசைத்தாள் வெர்லீன்.

அத்தை உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். வெர்லீன் வாசலில் நின்றாள். வண்டி வளைவில் மறைந்த பிறகும் சரளைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் போனார்கள். கடகடவென்று நெடுநேரம் கேட்டது. பிறகு பாலத்தில் நின்றுபோனது.