பொடியார் கொடுத்த டிப்ஸ்

கப்பலில் கூட வந்த நகைக்கடைக்காரர் கைகுலுக்கிய விதம் பொடியாருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் கையைக் குலுக்க இரண்டு விநாடி தாராளம். இவர் நாலு விநாடி எடுத்துக்கொண்டார். மூன்றாவது விநாடியில் அவருடைய கட்டைவிரல் உள்ளே மடங்கியது. நாலாவது விநாடியில் நாலாக மடித்த நோட்டு ஒன்று ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் குடிபெயர்ந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவரின் கை கோட்டுப் பைக்குள் போய், ஒன்றுமே தெரியாத மாதிரி திரும்பி வந்தது.

பொடியார் சோபாவிலிருந்து பாதி எழுந்து, "அசையாதே!" என்று கத்துவதற்கு வாயையும் திறந்துவிட்டார். மனைவி அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"உக்காருங்க. நீங்க ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆச்சு."

லஞ்ச ஒழிப்புத் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர் அவர். பொடி தடவிய நோட்டைக் கொடுக்க வைத்து, வாங்கியவர் கையைக் கழுவ வைத்து, தண்ணீர் சிவப்பதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். அதனால் துறையில் அவருக்குப் பொடியார் என்று பெயர். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவரும் இதுவரை பயணம் என்று போனதெல்லாம் சாட்சி சொல்லத்தான். மகள்தான் அடம்பிடித்து இந்த உல்லாசக் கப்பலில் ஏழு நாளைக்கு மேல்தள கேபின் பிடித்து ஏற்றிவிட்டிருந்தாள்.

மேல்தளக்காரர்களுக்கென்று கன்சியர்ஜ் என்று ஒருவர் இருந்தார். எந்த ஹோட்டலில் மேசை, எந்த ஆட்டத்துக்கு டிக்கெட், கரையில் இறங்கினால் எந்தக் கார் என்று எல்லாக் கயிறும் அவர் கையில். முப்பத்தைந்து வயதிருக்கும். நம் மொழிக்காரர்தான்.

டீச்சரம்மாவுக்கு இந்தக் கப்பலில் ஒரே ஒரு ஆசை. நாலாம் நாள் அவர்களுடைய முப்பத்தைந்தாவது கல்யாண நாள். கப்பலின் வால் பக்கம், ஒன்பதாம் தளத்து உணவகத்தில், கடலைப் பார்த்த ஜன்னலோரமாக இருவர் மட்டும் உட்காரும் மேசை ஆறு இருந்தன. அதில் ஒன்றில் உட்கார்ந்து, சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். இதுவரை வந்த முப்பத்திநாலு கல்யாண நாளில் பதினொன்றைப் பொடியார் யாரோ ஒரு அதிகாரியின் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து கழித்திருந்தார். மிச்சத்தில் பாதி அவருக்கு ஞாபகமே இல்லை.

"ஆறு டேபிளும் புக் ஆயிடுச்சாம்" என்றார் டீச்சரம்மா. "வெயிட்டிங் லிஸ்ட்ல மூணாவதா இருக்கோம். நகைக்கடைக்காரர் மட்டும் ஏழு நாளைக்கும் வாங்கிட்டார், பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன். வலது கை."

கேபினுக்குப் போய் மகள் செல்போனில் அனுப்பியிருந்த குறிப்பை டீச்சரம்மா உரக்கப் படித்தார். "தினமும் பில்லுல பிடிக்கிற சர்வீஸ் சார்ஜ், ரூம் சுத்தம் பண்றவங்களுக்கும் சர்வருக்கும் போயிடும். கன்சியர்ஜுக்கு அதுல பங்கு கிடையாது. அவருக்குத் தனியா கொடுக்கணும். முதல் நாள் பாதி, கடைசி நாள் பாதி. கவர்ல போட்டு, சிரிச்சுக்கிட்டே, ஒரு நன்றி சொல்லி. சில்லறை வேண்டாம். கேப்டனுக்குக் கொடுக்கக் கூடாது. அப்பா, வாங்குறவரோட கையைப் பிடிக்கக் கூடாது." கடைசி வரிக்கு மட்டும் மூன்று ஆச்சரியக்குறி இருந்தது.

"முதல் நாளா?" என்றார் பொடியார். "வேலை ஆகறதுக்கு முன்னாடி கொடுத்தா அது லஞ்சம்."

"சரி, ஆனதுக்கு அப்புறம் கொடுங்க."

"அப்புறம் கொடுத்தா வெகுமதி. அதுக்கும் தனியா ஒரு பிரிவு இருக்கு."

"அப்ப எப்பத்தான் கொடுக்கிறது?"

"கொடுக்காம இருக்கிறதுக்குப் பிரிவு எதுவும் இல்ல."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். வகுப்பில் அவர் கண்ணாடியைக் கழற்றினால் கடைசி பெஞ்ச் வரை அடங்கிவிடும்.

"நானே போய்க் கொடுத்துடுவேன். அரை நிமிஷ வேலை. ஆனா என் கல்யாண நாளுக்கு நானே டேபிள் பிடிச்சு நானே போய் உக்காந்தா, அதுக்குப் பேர் பசிக்குச் சாப்பிடறது. இந்த ஒரு காரியத்தை நீங்க செய்யுங்க. செய்யலைன்னா நாலாம் நாள் நான் கேபின்லயே பிஸ்கட் சாப்பிட்டுப் படுத்துக்கிறேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பொடியார் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துண்டை மடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை பொடியார் கவுண்டருக்குப் போனார். முதலில் நிலவரம் தெரிய வேண்டும் என்று சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டுப்புத்தகத்தை எடுத்தார்.

"இந்த வெயிட்டிங் லிஸ்டை யார் தயார் பண்றது?"

"நான்தான் சார்" என்றார் கன்சியர்ஜ், சிரித்தபடி.

"சரிபார்க்கிறது?"

"அதுவும்... நான்தான் சார்."

"யார் கையெழுத்து போடறாங்க?"

"கையெழுத்து எதுவும் இல்லை சார்."

"ம்" என்றார் பொடியார், எழுதிக்கொண்டே. இந்த 'ம்'மைக் கேட்டு ஒரு பத்திரப் பதிவாளர் நாற்காலியோடு சாய்ந்தார் என்று துறையில் பேச்சு உண்டு. கன்சியர்ஜின் சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து கழன்றது. கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். அன்று மத்தியானமே பொடியாரின் கேபினுக்கு ஒரு பழக்கூடை வந்தது. பொடியார் பழங்களை எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் கேபினில் ஒத்திகை நடந்தது. டீச்சரம்மா கணவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு கன்சியர்ஜாக நின்றார்.

"வாங்க சார். முதல்ல சிரிங்க."

பொடியார் சிரித்தார்.

"இது கைது பண்ணப் போற சிரிப்பு. சாதாரணமா சிரிங்க."

"இதுதான் சாதாரணம்."

"சரி, கவரை நீட்டுங்க. ஏன் ரெண்டு விரல்ல எலி வாலைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க? முழுக் கையால. ஆங்... இப்ப விடுங்க. விடுங்கன்னா! என் மணிக்கட்டை எதுக்குப் பிடிக்கிறீங்க?"

"பழக்கம்."

மூன்றாம் நாள் காலை, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து மறுபடி போனார். முப்பத்தாறு வருஷமாக, கொடுக்க வருகிறவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று பீரோவுக்குப் பின்னாலிருந்து கரைத்துக் குடித்தவர், இப்போது அதையெல்லாம் தானே செய்துகொண்டிருந்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். இல்லாத இருமல் ஒன்றை இருமினார்.

"நீங்க தப்பா நினைக்கலைன்னா..." என்று ஆரம்பித்தவருக்கு வியர்த்துவிட்டது. குற்றப்பத்திரிகை ஒவ்வொன்றிலும் இரண்டாவது பக்கத்தில் இருக்கும் வசனம் அது.

கவரைப் பார்த்ததும் கன்சியர்ஜ் இரண்டு கையையும் காதுக்கு மேலே தூக்கிவிட்டார். "ஐயோ சார்! வேண்டாம் சார்! நாங்க எதுவும் வாங்கறதில்ல சார்!"

"சும்மா வெச்சுக்கோங்க."

"நான் கேக்கவே இல்ல சார்! நீங்களே சொல்லுங்க, நான் கேட்டேனா?" என்றவர் கையை இறக்காமலே பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார்.

அன்றைக்குப் பொழுதுக்கும் பொடியார் கவரும் கையுமாக அவரைத் தேடிக் கப்பலைச் சுற்றினார். நீச்சல் குளத்துக்கு இந்தப் பக்கம் பொடியார் தெரிந்தால் அந்தப் பக்கம் கன்சியர்ஜ் காணாமல் போனார். ஒரு தடவை நூலக அறையில், புத்தக அலமாரிக்குப் பின்னால் அவருடைய காலணி நுனி தெரிந்தது. அலமாரிக்குப் பின்னால் நிற்பவரின் கஷ்டம் என்னவென்று பொடியாருக்குத் தெரியும். திரும்பிவிட்டார்.

சாய்வு நாற்காலியில் படுத்திருந்த நகைக்கடைக்காரர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். "சார், நீங்க கவர்மென்ட் ஆபீஸ்ல இருந்தவரா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"வாங்கிப் பழகின கைக்குக் கொடுக்க வராது சார். கூச்சப்படாதீங்க, போகப் போகச் சரியாயிடும்."

முப்பத்தாறு வருஷத்தில் பொடியாரை யாரும் இவ்வளவு அசிங்கப்படுத்தியதில்லை. பதில் சொல்ல நினைத்தார். கையில் கவர் இருந்ததால் எதுவும் எடுபடாது என்று விட்டுவிட்டார்.

நாலாம் நாள் விடிந்தது. டீச்சரம்மா பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான்.

பொடியார் லிஃப்டுக்கு ஓடினார். கதவு திறந்தது. உள்ளே கன்சியர்ஜ் இருந்தார். பொடியார் ஏறியதும் கதவு மூடிக்கொண்டது.

"சார்" என்றார் கன்சியர்ஜ். "எனக்கு ரெண்டு பொண்ணு சார். மூத்தவளுக்கு இப்பத்தான் பல்லு விழுந்து முளைக்குது."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"வேலை போனா சம்பந்தம் வந்துரும் சார். நீங்க யாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். கம்பெனி அனுப்பின ஆளு. பயணி மாதிரி வந்து, யார் டிப்ஸ் கேக்கறாங்கன்னு நோட் பண்றவர். போன வருஷமும் ஒருத்தர் வந்தார். எனக்கு முன்னாடி இருந்த கன்சியர்ஜ் இப்ப சரக்குக் கப்பல்ல உருளைக்கிழங்கு மூட்டை எண்ணிக்கிட்டு இருக்கார் சார்."

"நான் கம்பெனி ஆளே இல்லைங்க!"

"போன வருஷம் வந்தவரும் பல் டாக்டர்னுதான் சொன்னார்."

நிரூபிக்காமல் விடுகிற ஆளா பொடியார்? பர்ஸிலிருந்து பழைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். கன்சியர்ஜ் அதில் 'லஞ்ச ஒழிப்பு' வரை படித்தார். அதற்கு மேல் படிக்காமல் லிஃப்டின் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு ராத்திரி ஜன்னல் டேபிள் உங்களுக்குத்தான் சார். நகைக்கடைக்காரரைத் தூக்கி சமையலறைக் கதவுகிட்ட போட்டுட்டேன். பார்த்து எழுதுங்க சார்." கதவு திறந்ததும் ஓடிவிட்டார்.

மனைவி கேட்ட மேசை கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த விதம் பொடியாருக்குப் பிடிக்கவில்லை. பதவியைக் காட்டி மிரட்டிக் காரியம் சாதித்த வழக்குகள் நிறையப் பார்த்திருக்கிறார். இல்லாத பதவியைக் காட்டிச் சாதித்த ஆள், அவருக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான். மேசை வேண்டாம் என்றால் கேபினில் பிஸ்கட். வேண்டும் என்றால் இன்னொருவருடைய நாற்காலி.

நேராக நகைக்கடைக்காரரிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். வாக்குமூலம் வாங்கியே பழகியவர், முதல் தடவையாக ஒன்று கொடுத்தார்.

நகைக்கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இதுக்கா சார் முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க? மூணு ராத்திரி அந்தக் கடலைப் பார்த்தாச்சு. அது அப்படியேதான் இருக்கு. இன்னிக்கு நீங்க உக்காருங்க. சமையலறைக் கதவுன்னா எனக்குச் சாப்பாடு சூடா வரும்." பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார். "உண்மையிலேயே ஒண்ணுமே கொடுக்கலியா? ஒரு 'ம்'முக்கா டேபிள்?"

சாயங்காலம் ஆறு மணிக்கு டீச்சரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெள்ளை விரிப்பு, இரண்டு தட்டு, கண்ணாடிக்கு அப்பால் கப்பல் கிழித்துவிட்டு வந்த நுரை நீளமாகத் தெரிந்தது. சூரியன் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே இருந்தது. பொடியார் எதிரே, கடலுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். உட்கார்ந்த சூட்டில் எல்லாவற்றையும் மனைவியிடமும் ஒப்பித்துவிட்டார். பத்தடி தள்ளி கன்சியர்ஜ் விறைப்பாக நின்றார்.

டீச்சரம்மா அவரைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வாங்க. இவர் கம்பெனி ஆள் இல்ல. வேவு பார்க்க வர்றவருக்கு நடிக்கத் தெரியணுமா இல்லியா? இவரை நல்லா பாருங்க."

கன்சியர்ஜ் பார்த்தார். பொடியார் நம்பிக்கை ஊட்டுவதற்காகச் சிரித்தார். அதைப் பார்த்ததும் கன்சியர்ஜின் தோள் மெல்ல இறங்கியது. இந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் வேவு பார்க்க முடியாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்.

"மூணு நாளா உங்களை அலைய விட்டிருக்கார். இதை எடுத்துக்கோங்க" என்று டீச்சரம்மா கவரை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"எடுத்துக்கறேன் மேடம்" என்றார் கன்சியர்ஜ். "ஆனா நான் கேக்கலைன்னு சார் ஒரு வரி எழுதிக் கொடுத்தா, எனக்கும் தூக்கம் வரும்."

பொடியார் முகத்தில் நாலு நாளில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. மெனு அட்டையைத் திருப்பிப் போட்டு, பேனாவைத் திறந்தார். ஒரு வரி என்பது அவருக்குப் பழக்கமில்லாத அளவு. மேற்படி கப்பலின் ஒன்பதாம் தளத்தில், மேற்படி கன்சியர்ஜ் சொல்லாலோ சைகையாலோ எதையும் கேளாத நிலையில், கீழே ஒப்பமிடும் நான் முழு நினைவோடு, என்று பேனா பிய்த்துக்கொண்டு போனது. கவரைப் பிரித்து நோட்டுகளின் எண்களை எழுதினார். நாள் எழுதினார். நேரம் எழுதினார். அவர் தலைக்குப் பின்னால் வானம் ஆரஞ்சாகி, ரோஜாவாகி, சாம்பலாகிக்கொண்டிருந்தது. கன்சியர்ஜ் அதைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். சமையலறைக் கதவருகே நகைக்கடைக்காரரும் எழுந்து நின்று பார்த்தார்.

"சாட்சி கையெழுத்துப் போடு" என்று பொடியார் அட்டையை மனைவியிடம் நீட்டினார்.

டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விடைத்தாள் மாதிரி படித்தார். "பணம் எதுக்காகக் கொடுத்தீங்கன்னு எழுதலியே?"

பொடியார் யோசித்தார். இந்த இடத்தில் அவர் எப்போதும் எழுதியது கோப்பை நகர்த்துவதற்காக, பட்டாவை மாற்றுவதற்காக, லைசென்ஸ் எடுப்பதற்காக. அட்டையை வாங்கி, கொஞ்சம் தயங்கி, எழுதிக் கொடுத்தார்.

"மனைவியோடு உட்கார்ந்து கடல் பார்த்ததற்காக" என்று டீச்சரம்மா படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். "கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க எங்க பார்த்தீங்க? பொய் சாட்சிக்கு எத்தனை வருஷம்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

பொடியார் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய், மனைவிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தார். சூரியன் எப்போதோ போயிருந்தது. தண்ணீரும் வானமும் சேருகிற இடத்தில் மெல்லிய வெளிச்சம் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. கவர் மேசையில் கிடந்தது. கன்சியர்ஜ் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

ஐந்து நிமிஷம் ஆனது.

"மேடம்" என்று கன்சியர்ஜ் மெதுவாகக் கேட்டார். "சார் பார்த்துட்டாரா?"

"இருங்க தம்பி" என்றார் டீச்சரம்மா, திரும்பாமலே. "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கார்."