இருபதுக்குக் கீழே

“மூணே வாரம், ந்யாசிம்பா! மூணு வாரத்துல மறுபடியும் ஆட ஆரம்பிச்சிருச்சு. கல்யாண வீட்டுப் பொண்ணுங்ககூட இப்படி இடுப்பை ஆட்ட மாட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே லுசுங்கு பிக்கப்பிலிருந்து இறங்கினான். வண்டி நிற்பதற்கு முன்பே என்ஜினை அணைத்திருந்தான். டீசல் தட்டுப்பாடு வந்த நாள் முதல் ஊரில் எல்லோருக்கும் அது பழக்கமாகிவிட்டது.

டொவேரா லேத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தாள். மலைமேல் இருக்கும் அந்த ஊரில் லேத் வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள், இன்னொருத்தர் சந்தியில் இருக்கும் ஆள். சிம்பா வீட்டு மகள் என்ற மரியாதையில் அவளை எல்லோரும் ந்யாசிம்பா என்றே கூப்பிட்டார்கள்.

“சீட் ஆடுதா அண்ணே, ஸ்டியரிங் ஆடுதா?”

“ஸ்டியரிங்தான். பிரேக்கை மிதிச்சா போதும், காய்ச்சக்காரன் கைமாதிரி நடுங்குது. அதுவும் பாதி இறக்கம் வந்தப்புறம்தான். மதியம் சர்ச் சபைப் பெண்களை ஏரிக்கரைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். முப்பது பேர். உங்க அக்கா எனெலெஸும் வர்றாங்க.”

பாதி இறக்கத்துக்கு அப்புறம் என்றால் சூடு. ஸ்டியரிங் என்றால் முன்சக்கரம். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தது போதாதென்று ஏறி உட்கார்ந்து, “ஓட்டுங்க, பாப்போம்” என்றாள். முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டிச் சாலை சரிந்ததும் லுசுங்குவின் இடதுகை தானாக எழுந்து கியர்க் கம்பியை நடுவில் தள்ளிவிட்டு மடியில் வந்து படுத்துக்கொண்டது. அவன் அப்போது பீன்ஸ் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

“கை எங்க போச்சு அண்ணே?”

“எங்கயும் போகலையே.”

“நியூட்ரல்ல விட்டுட்டீங்க.”

“யாருதான் விடல? மூணு நாள் வரிசையில கிடந்து வாங்கின டீசல். கியர்ல இறங்கினா திரும்பி ஏற மிச்சம் இருக்காது.”

“கியர்ல இறங்கறப்ப டீசல் செலவாகாது. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“என்ஜின் அந்தக் கத்து கத்துதே! கத்துறவன் குடிக்காமலா கத்துறான்?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலாவது வளைவில் அவன் பிரேக்கை மிதித்தான். ஸ்டியரிங் அவன் இரண்டு கைகளையும் சேர்த்து உலுக்கியது, முன்கண்ணாடி கடகடத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

பட்டறைக்குத் திரும்பியதும் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கல் அடுக்கினாள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பேரிங்கில் ஆட்டம் இல்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதன் பின்னால் இருந்த பிரேக் டிஸ்க்கை நட்டு போட்டு இறுக்கி, ஒரு கம்பியை வளைத்து அதன் முகத்தை ஒட்டி நிற்கும்படி கட்டி, டிஸ்க்கைக் கையால் சுற்றினாள். கம்பி உரசியது, விலகியது, மறுபடி உரசியது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில். இரும்பின் மேல் அங்கங்கே சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

“வளைஞ்சிருக்கு இல்ல? ஒரு கடைசல் பிடிச்சுக் குடுங்க. போன தடவை மாதிரி.”

போன தடவை. டிஸ்க்கின் ஓரத்தில், கனம் இருபது மில்லிக்குக் கீழே போகக்கூடாது என்று வார்ப்பிலேயே பொறித்திருக்கும். போன தடவை கடைசல் முடிந்ததும் அவளுடைய வெர்னியர் அளவுகோல் பத்தொன்பதரை காட்டியது. புது டிஸ்க் பெரிய டவுனிலும் கிடைக்கவில்லை. லுசுங்கு வாசலில் நின்று மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அரை மில்லிதானே, நகத்தின் கனம், என்று நினைத்தாள். வெர்னியரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, நல்லா இருக்கு, போங்க என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். மெலிந்த இரும்பு சூட்டைத் தாங்காது என்று தெரிந்த கையைத்தான் அவன் குலுக்கினான். இந்த மூன்று வாரமும் இறக்கத்தில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் அவள் லேத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

“இதுக்குமேல கடைய முடியாது அண்ணே. போன தடவையே கடைஞ்சிருக்கக் கூடாது. அளவு தாண்டிருச்சு. தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

லுசுங்கு டிஸ்க்கிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தான்.

“தெரிஞ்சேவா குடுத்த?” மரியாதை உதிர்ந்துவிட்டது. “மூணு வாரமா நான் ஜனங்களை ஏத்திட்டு இறங்கியிருக்கேனே?”

“ஆமா.”

“எம் பொண்டாட்டி வந்திருக்கா இதுல. சின்னவன் வந்திருக்கான்.”

“ஆமா அண்ணே.”

அவன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. “சரி. நடந்தது நடந்துபோச்சு. இன்னிக்கு ஒரே ஒரு நாள். லேசா முகத்தை மட்டும் சீவிக் குடு. கியர்லயே இறங்குறேன், சத்தியமா.”

“உங்க கை கேக்காது. பாத்தேனே.”

“அப்ப விடு, சந்திக்காரன்கிட்ட போறேன். அவன்கிட்ட அளக்கற சாமானே கிடையாது. கேள்வியும் கேக்க மாட்டான்.” அவனே குனிந்து நட்டுகளைக் கழற்றி டிஸ்க்கை இழுத்துத் தரையில் வைத்தான். பை தேட வண்டிக்குள் தலையை விட்டான்.

சந்திக்காரன் கடைவான். பத்தொன்பதாக்குவான், அதற்கும் கீழே போவான். ஸ்டியரிங் அரை நாள் ஆடாமல், யாரையும் எச்சரிக்காமல் இருக்கும். அதுதான் பயம்.

பெரிய சுத்தியல் சுவரில் சாய்ந்திருந்தது. டொவேரா அதை எடுத்து ஓங்கினாள். முதல் அடியில் டிஸ்க் மணிபோல ஒலித்தது. இரண்டாவதில் ஒலி செத்தது. மூன்றாவதில் இரண்டாகப் பிளந்தது.

லுசுங்கு வெளியே வந்து பார்த்தான். கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை. தரையிலேயே உட்கார்ந்தான்.

“புது டிஸ்க் அடுத்த மாசம்வரைக்கும் கிடைக்காதுன்னு சொன்னாங்களே, ந்யாசிம்பா.”

“தெரியும் அண்ணே.”

மேட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது. வெள்ளை ரவிக்கை போட்ட சபைப் பெண்கள் பாயும் பானையும் மூட்டையுமாக இறங்கி வந்தார்கள். எனெலெஸ்தான் முன்னால். “டொவேரா! வண்டி தயாரா? முழங்கால் வலிக்காரங்க ரெண்டு பேர், அவங்க முன்சீட்டு!” வண்டியின் பின்பக்கம் வழக்கம்போலத்தான் நின்றது. முன்னால் ஒரு சக்கரம் இல்லாமல் கல்மேல் நிற்பது அவர்கள் பக்கத்திலிருந்து தெரியவில்லை. ஒருத்தி கைகொடுக்க, இன்னொருத்தி ஏறி மூட்டைகளை வாங்கி அடுக்கத் தொடங்கினாள். லுசுங்கு இரண்டு துண்டுகளையும் மடியில் வைத்து, உடைந்த விளிம்போடு விளிம்பைச் சேர்த்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி இறங்காது என்று சொல்ல டொவேரா வாயைத் திறந்தாள். பின்னால் பானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.