ஒரே வாரத்தில் இரண்டு செவ்வாய்

விமானம் ஏறுவதற்கு ஒன்பது மணி நேரம் முன்னாலேயே போய் இறங்கியவன் நான். எங்கள் ஊர் பாக்கார் ஆராங்கில் ஒருத்தரும் இதை நம்பவில்லை, போகட்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்த என் மனைவி மருதம்மாளே முதலில் நம்பவில்லை.

முப்பது வருஷம் சுங்கைப் பட்டாணி - பெண்டாங் பஸ் ஓட்டினேன். ஒரு நாளாவது நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன் என்று எந்தப் பயணியும் சொல்ல மாட்டார். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது வாய்த்தது.

போன டிசம்பரில் ஆக்லாந்தில் மகன் தீபன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு, நிறைமாதமாக இருந்த மகள் நளினியைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் புறப்பட்டோம். பத்தாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரம். அந்தத் தூரத்துக்குப் பெண்டாங்குக்கு இருநூறு தடவை போகலாம், குறுக்கே எருமை வராவிட்டால்.

செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு விமானம். நளினிக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்துவிட்டதால், மருதம்மாள் முருகனுக்கு ஒன்பது செவ்வாய் விரதம் நேர்ந்திருந்தாள். பொழுது சாயும்வரை வெறும் தண்ணீர்தான். அன்றைக்கு ஒன்பதாவது. ஜன்னலில் சூரியன் முங்கிவிட்டதென்று என்னைச் சத்தியம் செய்யவைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுத் தூங்கிப்போனாள்.

இறங்கும்போது பகல் பதினொரு மணி. அழைத்துப்போக வந்த மருமகன் யோகேந்திரன், "இன்னிக்குச் செவ்வாய்தானே அத்தை, வேலைக்கு லீவு சொல்லிட்டேன்" என்றார்.

மருதம்மாள் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

நான் உற்சாகமாக விளக்கினேன். நடுக்கடலில் ஒரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டியதும் விமானி கோஸ்தான் அடித்து, பஸ்ஸைப் பின்னால் எடுக்கிற மாதிரி, கிழமையையே ஒரு நாள் பின்னுக்குத் தள்ளிவிட்டார் என்றேன். அந்தக் கோட்டை நானே கண்ணால் பார்த்ததாகவும், மஞ்சள் பெயின்ட் அடித்திருந்ததாகவும் சேர்த்துச் சொன்னேன்.

"சும்மா இருங்க. வாரத்துக்கு ஒரு செவ்வாய்தான். அதுக்கு நடுவுல நான் சாப்பிட்டுத் தொலைச்சிருக்கேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் பெயின்ட் கதையை நிறுத்திக்கொண்டேன். காரில் போர்டிங் பாஸின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே செவ்வாய் பிறந்த நள்ளிரவு. எப்படிக் கழித்தாலும் வாழைப்பழம் இந்த ஊர்ச் செவ்வாயின் தலையிலேயே வந்து விழுந்தது. நாங்கள் எந்த நாளில் இருக்கிறோம் என்று எனக்கே பிடிபடவில்லை.

ஒரு மணிக்கு நளினிக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி நடையில் மருதம்மாள் ஒரு வாய் காபிகூடத் தொடவில்லை. நடந்தாள், உட்கார்ந்தாள், விரலை மடக்கி எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் ஒன்பதில் வந்து தடுமாறினாள்.

மாலை ஆறு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

குழந்தையின் கைப்பட்டையில் நாளும் நேரமும் எழுதியிருந்தது. மருதம்மாள் என் சட்டைப்பையிலிருந்து போர்டிங் பாஸை உருவி, அதன் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு பாக்கார் ஆராங்கில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள்.

"வாசுகி, பேத்தி பொறந்துட்டா. ஒம்பதாவது செவ்வாய முழுசா முடிச்சுட்டுத்தான்டி நான் சாப்பிட்டிருக்கேன். இது இன்னொரு செவ்வாய். நாங்க பிளேன் ஏறுனது எட்டு மணி, புள்ள பொறந்தது ஆறு மணி, ரெண்டுலயும் ஒரே தேதி. மாமா சொன்னது நெசந்தான் லா. ஏறுறதுக்கு முன்னாலயே வந்து இறங்கிட்டோம்."