இருபத்தொன்பது சென்டிமீட்டர் கெண்டைக்கால்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. என் கணவர்மேல் வந்த எரிச்சல்தான். மனுஷனிடம் கத்தி அலுத்துவிட்டது. காகிதத்திடமாவது கத்தலாமே என்று.

முதல் வரி இப்படி வந்தது: ‘டயாலிசிஸ் இயந்திரத்தின் மெல்லிய முனகலில் அவர் தன் வாழ்நாளை…’ வேண்டாம். அது முனகுவதில்லை. அலாரம் அடித்துக் கழுத்தறுக்கும்.

2

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு எழுபத்தொன்று. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ். மூன்று மாதத்துக்கு முன் பிசியோதெரபிஸ்ட் பெண் அவருடைய கெண்டைக்காலை நாடா வைத்து அளந்தாள். இருபத்தொன்பது சென்டிமீட்டர். முந்தைய அளவு முப்பத்திரண்டு.

“எடை அப்படியேதானேம்மா இருக்கு?” என்றார் இவர், பரீட்சையில் பாஸான மாதிரி.

“சதை கரைஞ்ச இடத்துல தண்ணி சேர்ந்திருக்கு சார். எடை மெஷினுக்கு அது தெரியாது. முட்டை வெள்ளைக்கரு சாப்பிடுங்க. டயாலிசிஸ் ஓடுறப்பவே படுத்துக்கிட்டு பெடல் மிதிக்கலாம்.”

வராந்தாவில் என்னிடம் மட்டும் சொன்னாள்: “இந்த வயசுல சதை குறையக் குறைய, தாக்குப்பிடிக்கறது கஷ்டம்மா.”

(இங்கே நான் அழுததாக எழுதி, அடித்துவிட்டேன். உண்மையில் முட்டை வாங்கப் போனேன்.)

3

கதாநாயகன் கொஞ்சமாவது ஒத்துழைக்க வேண்டாமா? வெள்ளைக்கருவை “ரப்பர்” என்று ஒதுக்கினார். பெடலைப் பார்த்து, “நாப்பது வருஷம் ஊரையே ஏத்தி இறக்கினவன் நான். இப்ப படுத்துக்கிட்டு சைக்கிள் ஓட்டணுமா? போடி” என்றார்.

இந்த ஆளை வைத்து நம்பிக்கைக் கதை எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

4

ஒரு திங்கட்கிழமை காலை. குளியலறையில் அரை மணி நேரமாகச் சத்தமே இல்லை.

“ஏங்க?”

“இருடி.”

மேலும் பத்து நிமிடம். கதவை இடித்தேன்.

“எந்திரிக்க வரல.”

முப்பத்தெட்டு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. (உவமை தேடினேன். அகப்படவில்லை.)

தாழ்ப்பாள் உள்ளே, அவர் கைக்கு எட்டவில்லை. உள்ளிருந்தே உத்தரவு வந்தது: “கீல் கம்பிய ஸ்க்ரூ டிரைவர் வச்சுத் தட்டி எடு. மேல்கீல் இல்லடி, முதல்ல கீழ்கீல்!”

கதவைக் கழற்றினேன். மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு, தன் கால்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.”

எனக்கும் ஓர் ஆளைப் பற்றி அதே புகார்தான் என்று சொல்லவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன்.

5

முடிவுகள்:

அ) மீண்டெழுந்து மாடிப்படி ஏறுகிறார். (பொய்.)

ஆ) ஒரு நாள் காலையில் நான் கூப்பிட, அவர்

(இதை முடிக்க மாட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான்: அன்றிலிருந்து முட்டையைத் திட்டிக்கொண்டே விழுங்குகிறார். யாரும் பார்க்காதபடி போர்வைக்குள் பெடல் மிதிக்கிறார். நேற்று மறுபடி அளந்தார்கள். இருபத்தொன்பது. நூலளவும் கூடவில்லை.

“குறையல பாருங்க சார், அதுவே பெரிய விஷயம்” என்றாள் அந்தப் பெண். இவர் அவளை முறைத்தார்.

இன்று மிதித்துக்கொண்டே கேட்டார்: “கதைய முடிச்சிட்டியா?”

“இல்ல.”

“என்னை என்னதான் பண்ணப்போற?”

எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன். படிக்க அழகாக இருக்கும் என்று அவரைச் சாகடித்துவிடாதீர்கள், அவ்வளவுதான். இன்னும் எட்டு நிமிடம் மிதிக்க வேண்டும். நிறுத்திவிட்டுத் தூங்குவதுபோல் நடிக்கிறார்.