இந்தக் கோடு எங்கே போகுது?

என் நாத்தனாருக்கு நாற்பது வயது முடிந்துவிட்டது. வீட்டில் அவள் பேர் இன்னும் பாப்பாதான். போன வருஷம், புருஷனோடு இனி ஒத்து வராது என்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவளைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். டீயில் சர்க்கரை போட அவள் மறந்தால், இதுதான் உடம்புக்கு நல்லது என்று என் வீட்டுக்காரர் மடக் மடக்கென்று குடிக்கிறார். அவள் போய்க் கதவில் இடித்துக்கொண்டால் என் மாமியார் கதவைத் திட்டுகிறார்.

எனக்கு அதெல்லாம் வராது. எனக்கு மூக்கு நுனியில் கோபம், வாய் அதற்கும் ஒரு படி முன்னால். இது ஊரறிந்த விஷயம்.

நான் வேலை செய்வது ஆர்டருக்கு அலமாரியும் சமையலறையும் செய்து கொடுக்கும் பட்டறையில். படம் வரைவது என் வேலை. எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் எதிரே வந்து உட்கார்ந்ததும், அவர் பார்க்கப் பார்க்க அவருடைய அறையைப் பென்சிலால் வரைந்து காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் எல்லாம் அப்புறம்தான். அப்படி வரைவதற்கு எங்களிடம் இரண்டு நாற்காலிகள். ஒன்று எனக்கு. இன்னொன்றில் இருந்தவர் வெளியூரில் மகனோடு இருக்கப் போய்விட்டார்.

"அண்ணி, அந்த நாற்காலி எனக்கு வேணும்" என்றாள் பாப்பா ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே.

"உனக்கு வரையத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க தப்பைச் சொல்லுங்க, நான் திருத்திக்கிறேன். அந்தச் சம்பளம் வந்தா ஒரு அறை வாடகைக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். சின்னதா இருந்தாலும் சரி. சாவி என் கையில இருக்கணும். காலையில எந்திரிச்சா யாரும் என்னைப் பாவம்னு பார்க்கக் கூடாது."

முதலாளியிடம் கேட்டேன். "வரைஞ்சு காட்டட்டும், பார்க்கலாம்" என்று இரண்டு மாதம் தவணை கொடுத்தார்.

முதல் வாரம் பெட்டிகளாக வரையச் சொன்னேன். வெறும் பெட்டி. கண்மட்டத்துக்கு மேலே, கீழே, பக்கத்தில். ஒரு கத்தை கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நான் கையில் எடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டார்.

"அடேயப்பா! பாப்பா, கலக்கிட்டே போ! அம்மா, இங்க வந்து பாருங்க."

மாமியார் கண்ணாடி கூடப் போடாமல் பார்த்தார். "ஃபோட்டோ எடுத்த மாதிரி இருக்குடா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்தேன். கோடு ஒன்றாவது ஒரே இழுப்பில் வந்திருந்தால்தானே! கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தேய்த்து, எல்லாக் கோட்டிலும் முடி முளைத்திருந்தது. நேராக நிற்க வேண்டிய கோடுகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. அதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருந்தது. பெட்டியின் பக்கவாட்டுக் கோடுகள் தூரம் போகப் போக நெருங்கி, கண்மட்டக் கோட்டில் ஒரு புள்ளியில் போய்ச் சேர வேண்டும். இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. இவள் இரண்டையும் தாளுக்குள்ளேயே அடக்கியிருந்தாள். அதனால் பெட்டியின் முன்மூலை கூராகிப் பார்ப்பவர் கண்ணைக் குத்துகிற மாதிரி துருத்திக்கொண்டு நின்றது.

"இது பெட்டி இல்ல, கோடரி" என்றேன். "இந்தக் கோடு எங்க போகுது? சொல்லு. அது போற இடம் அதுக்கே தெரியல. மறுபடி போடு."

பாப்பா தாளையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் பதமா சொன்னா உனக்கு என்ன குறைஞ்சிடும்?" என்றார் என் வீட்டுக்காரர். "அவளே நொந்து போய் வந்திருக்கா."

"அவ வந்து ஒக்காந்துட்டா தன் மவுசு போயிடும்னு பயம் இவளுக்கு" என்றார் மாமியார், கூரையைப் பார்த்து.

"ஆமா, எனக்குப் பொறாமை! கோணப் பெட்டியைப் பார்த்து வயிறு எரியுது எனக்கு! வாடிக்கையாளர் முன்னாடி போய் இப்படி வரைஞ்சா மூஞ்சிக்கு நேரா சிரிப்பாங்க. அப்ப நீங்க வந்து ஃபோட்டோ மாதிரி இருக்குன்னு சொல்வீங்களா?"

உள்ளே இருந்து பாப்பா வந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். முகம் சிவந்திருந்தது, ஆனால் அது அழுகை இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றாள். அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "ஒரு வருஷமா நான் என்ன செஞ்சாலும் சரிங்கறீங்க. சர்க்கரை இல்லாத டீயும் சரி, கோணப் பெட்டியும் சரி. செத்துப் போனவங்களைப் பத்தித்தான் இப்படிப் பேசுவாங்க. நான் உயிரோட இருக்கேன், எனக்குத் தப்பு வரும். அண்ணி ஒருத்திதான் என்னை ஆளா மதிச்சுத் திட்டுறாங்க. நீங்க சொல்லுங்க அண்ணி, புள்ளியைத் தாளுக்கு வெளியே வைக்கணும்னா எங்க வைக்கிறது?"

"சுவத்துல வை" என்றேன்.

வைத்தே விட்டாள். மேசையில் தாளை ஒட்டி, ஒரு பக்கம் ஜன்னல் சட்டத்தில் ஓர் ஆணி, மறு பக்கம் படுக்கையறை வாசற்காலில் ஓர் ஆணி. ஆணியில் நூல் கட்டி, அதை இழுத்துப் பிடித்து, அது போகிற வழியில் கோடு போட்டாள். வீட்டுக்கு நடுவில் இடுப்பு உயரத்தில் நூல். என் வீட்டுக்காரர் குனிந்து குனிந்து போய்ப் பழகிக்கொண்டார். என் மாமியார் பழகிக்கொள்ளவில்லை. "வீடா இது, இல்ல கட்டடம் கட்டுற இடமா?" என்று இரண்டு முறை நூலை அறுத்தார். பாப்பா இரண்டு முறையும் திரும்பக் கட்டினாள்.

அப்புறம் தரைக்கல். எல்லாக் கல்லையும் ஒரே அகலத்தில் போட்டுத் தரையைச் சுவராக நிமிர்த்தி வைத்திருந்தாள். மூலைக்கு மூலை கோடு இழுத்து, அது வெட்டுகிற இடத்தில் அடுத்த வரிசையைப் போடச் சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் வட்டம். வாளி, டம்ளர், கழுவுத்தொட்டி எதை வரைந்தாலும் வாய் கோணிக்கொண்டது. கிழி கிழி என்று கிழித்தேன். சில நாள் அவளும் திருப்பிக் கொடுத்தாள். "இது தப்பில்ல அண்ணி, நீங்க தாளைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பார்க்கறீங்க" என்றாள் ஒரு நாள். பார்த்தால், ஆமாம். எனக்குக் கோபம் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அடுத்த தாளில் இன்னும் கடுமையாகத் தேடினேன்.

தவணை முடிந்த சனிக்கிழமை காலையில் தேர்வு. முதலாளியே வாடிக்கையாளராக எதிரே உட்கார்ந்தார். சின்ன சமையலறை, ஒரு ஜன்னல், கீழே மேடை, மேலே சுவர் அலமாரி, வட்டமான கழுவுத்தொட்டி என்று சொன்னார். பாப்பா வரைய ஆரம்பித்தாள். நூல் இல்லை, ஆணி இல்லை. கோடு ஒரே இழுப்பில் வந்தது. பக்கத்து நாற்காலியில் நான் அவள் பென்சிலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அலமாரியின் ஒரு கோடு புள்ளியை விட்டு நழுவியதைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

முதலாளி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டதாக அவள் சொன்னதும் தாளின் மேல் ஒரு பார்வையை ஓட்டினார்.

"அருமை. ரொம்ப அழகா இருக்கு. திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கோம்மா, முழுச் சம்பளம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நேத்து உங்க அண்ணன் வந்து எல்லாம் சொன்னாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழாத குறை. பாவம், உன் நிலைமையில நாங்கதானே பார்த்துக்கணும்."

என் வீட்டுக்காரர் வெளியே வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். எழுந்து போய் அவரை நாலு அறை விடலாம் போலிருந்தது. ஆனால் நாற்காலி கிடைத்துவிட்டதே! மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். சரின்னு சொல்லிட்டு எந்திரிடி, மீதியை வீட்டில் பார்த்துக்கலாம் என்று அர்த்தம்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"சார், நீங்க படத்தைப் பார்க்கல."

"பார்த்தேனேம்மா. அழகா இருக்குன்னு சொன்னேனே."

"இதுல தப்பு இருக்கு. எனக்கே ஒண்ணு தெரியுது. நீங்க உக்காந்து பார்த்து எல்லாத்தையும் சொல்லுங்க. பார்த்துட்டு வேலை கொடுங்க. பார்க்காம கொடுக்கறதா இருந்தா எனக்கு வேண்டாம்."

"என்னம்மா இது, கூப்பிட்டு வேலை கொடுத்தா சண்டைக்கு வர்றே?"

"ஆமா சார், சண்டைதான். பாவம்னு கொடுக்கற நாற்காலி எங்க வீட்லயே நிறைய இருக்கு." என் மேசையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

முதலாளிக்கு முகம் கடுத்தது. வெடுக்கென்று பென்சிலை எடுத்தார். குறை கண்டுபிடித்தே தீருவது என்ற வேகத்தில்தான் குனிந்தார். ஆனால் அந்த மனிதர் தொழில் தெரிந்தவர். குனிந்தவர் நிமிரவில்லை. செல்போன் அடித்தது, எடுக்கவில்லை. அலமாரியின் நழுவிய கோட்டைப் பிடித்தார். கழுவுத்தொட்டியின் வாய் கொஞ்சம் சாய்ந்திருந்ததைப் பிடித்தார். ஜன்னல் சுவருக்குத் தடிமனே இல்லை என்றார், அது நான் பார்க்காதது. நான்காவதாகச் சுவர் அலமாரிக்கு அடியில் பெரிய வட்டம் போட்டார்.

"அலமாரியோட அடி கண்ணுக்குக் கொஞ்சம் கீழ வருது. நிக்கறவனுக்கு அதோட அடிப்பக்கம் தெரியுமா? தப்பு."

"அது தப்பில்ல சார்" என்றாள் பாப்பா. "நீங்க உக்காந்திருக்கீங்க. உங்க கண்மட்டத்துலதான் வரைஞ்சேன். உக்காந்து பார்த்தா அடிப்பக்கம் தெரியும்."

முதலாளி அவளைப் பார்த்தார். நாற்காலியை நகர்த்திப் போட்டு, பின்சுவரில் வாடிக்கையாளருக்குக் காட்ட மாட்டியிருந்த அலமாரியை உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தார். அப்புறம் ரப்பரை எடுத்து அந்த வட்டத்தை அழித்தார். சிவப்பு முழுசாகப் போகவில்லை.

"மூணு தப்பு" என்றார். குரலில் பாவமும் இல்லை, கோபமும் இல்லை. "மூணு தப்போட இந்த நாற்காலியைத் தர முடியாது. பழகறவளா சேரு. பாதிச் சம்பளம். தேறினா நாற்காலி உனக்கு. தேறலைன்னா முகதாட்சண்யமெல்லாம் பார்க்க மாட்டேன், அனுப்பிடுவேன்."

"சரி சார்" என்றாள் பாப்பா.

வாடகை அறை தள்ளிப் போனது. எத்தனை மாதம் என்று யாருக்குத் தெரியும்? அவளோ படத்தைச் சுருட்டிக்கொண்டு என்னை முந்திக்கொண்டு வாசலுக்குப் போனாள். என் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"என்னாச்சு பாப்பா? கிடைச்சிடுச்சுல்ல?"

"முழுச் சம்பளத்தை வேண்டாம்னு சொல்லிட்டேன். பாதிக்குச் சேர்ந்திருக்கேன்."

"ஐயோ, ஏன்? நான் நேத்தே பேசி..."

"தெரியும். இனிமே எனக்காக யார் கையையும் பிடிக்காதண்ணே. பிடிச்சா நான் இந்த வாசல்லயே உன்னைப் பார்த்துக் கத்துவேன், ஆமா." தாளைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். "நல்லா பாரு. சூப்பர்னு சொல்லாத, பாரு. நாலு இடத்துல சிவப்பு இருக்கா? மூணு என் தப்பு. இது ஒண்ணு அவரு தப்பு."