முன்சீட்டு

காரின் முன்சீட்டில் முதலாளி உட்காருவார் என்று புருஷன் சீனுவாசன் சொன்னபோது தையல்நாயகி தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். வைத்த பூவைப் பிடுங்கி எறிந்திருப்பாள். விடிந்ததும் விடியாததுமாகப் பூவை எறிவது குடும்பத்துக்கு ஆகாது என்பதால் விட்டாள். கோபம் மட்டும் உச்சந்தலைக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

சொன்னவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு மீதியையும் சொன்னான். அவன் வேலை செய்யும் லாரிப் பட்டறையின் முதலாளி சக்கரபாணி திண்டிவனத்தில் ஒன்பது மணி முகூர்த்தத்துக்குப் போக வேண்டும். கூட மச்சான் தேவநாதன் வருகிறார், சீர்த்தட்டு ஐந்து இருக்கிறது. வாய்விட்டுக் கேட்ட மனுஷனிடம் இல்லையென்று எப்படிச் சொல்வது? அவள் ஏழு மணி பஸ்ஸில் வந்துவிடட்டும், அவர்களை மண்டபத்தில் இறக்கிவிட்டு அவன் நேராக அதே ஊரிலிருக்கும் மாமியார் வீட்டுக்கே வந்துவிடுவான்.

எல்லாம் சரிதான். காரை மூன்று வருஷமாக எதற்காகக் கட்டினார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டான்.

அது 1934ஆம் வருஷத்து பேபி ஆஸ்டின். புதுச்சேரியில் ஒரு டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டியை மாட்டு வண்டியில் கட்டி விழுப்புரத்துக்கு இழுத்து வந்து கொல்லையில் நிறுத்தினான். ஓடினால் போதுமென்று விட்டிருந்தால் ஆறே மாதத்தில் ஓடியிருக்கும். அவனுக்கு அது போதவில்லை. பெரிய கார்களை முந்த வேண்டுமாம். கம்பியில் இழுக்கிற பிரேக்கைக் கழற்றிவிட்டு, எங்கோ மோதி நொறுங்கிய மாரிஸ் வண்டியின் ஆயில் பிரேக்கை வாங்கி மாட்டினான். எஞ்சின் மூடியைக் கடைசல் பட்டறையில் கொடுத்து இழைத்து வந்தான். அழுத்தம் கூடினால் வேகம் கூடுமாம். பெரிய கார்புரேட்டர் வைத்தான். வைக்க இடமில்லை என்று பானெட்டின் பக்கத்தகட்டை வெட்டினான். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று தகராறு செய்தது. மண்ணெண்ணெய் வாடை இல்லாமல் அந்த வீட்டில் சோறு இறங்கி மூன்று வருஷமாயிற்று.

இவ்வளவையும் அவள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. கார் வந்த புதிதில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணி ராஜாமணி தெருப் பெண்கள் நாலு பேர் முன்னால், மாப்பிள்ளை கிரீஸ் கையைக் கழுவினாலும் ஒன்றுதான், கழுவாவிட்டாலும் ஒன்றுதான் என்று சொல்லிச் சிரித்தாள். தையல்நாயகிக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த தடவை இந்தத் தெருவுக்குள் சொந்தக் காரில்தான் வருவேன், முன்சீட்டிலிருந்துதான் இறங்குவேன், அதை என் அம்மா கண்ணால் பார்ப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு திண்டிவனம் பக்கமே போகவில்லை.

இடையில் அண்ணன் பெரியதம்பியிடமிருந்து மூன்று கார்டு வந்தது. அம்மாவுக்குக் கண் மங்குகிறது என்று முதல் கார்டு. போன பார்வை இனி திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டதாக இரண்டாவது. ஆள் நிழலாகத்தான் தெரிகிறதாம், தையலு எப்ப வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று மூன்றாவது. மூன்றுக்கும் அவள் ஒரே பதிலைத்தான் எழுதினாள். அடுத்த மாதம் காரில் வருகிறோம்.

எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. இவனை நம்பினால் வேலைக்காகாது என்று தானே கையை வைத்தாள். எஞ்சினில் எட்டு வால்வு. ஒவ்வொன்றுக்கும் பசை தடவி, அதனதன் குழியில் வைத்து, காற்றுக் கசியாமல் உட்காரும்வரை இப்படியும் அப்படியும் திருப்பித் தேய்க்க வேண்டும். சீனுவாசனின் பொறுமை இரண்டோடு தீர்ந்துவிட்டது. மீதி ஆறையும் தேய்த்தது அவள். அம்மியில் அரைத்த கை. விழுதின் பதம் விரலுக்குத் தெரியும். அவன் தேய்த்த இரண்டும் கசிந்ததால் அவற்றையும் அவளே மறுபடி தேய்த்தாள். சீட்டுக்கு ரெக்ஸின் வெட்டித் தைத்ததும் அவள்தான். பார்க்க வந்தவர்களிடம் அவன், எல்லாம் நம்ம கைதான் என்பான். அவள் பக்கத்தில் காபி டம்ளரோடு நிற்பாள்.

இப்போது அந்த முன்சீட்டும் போயிற்று.

சண்டை போட நேரமில்லை. ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. சின்ன ஓட்டைக்கு லாரிக்காரர்கள் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் துளி மாவு போட்டால் அது போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். சீனுவாசன் கேப்பை மாவு கேட்டான். அவள் மாவுச் சட்டியைக் கொண்டுவந்து வைத்து, மூன்று விரலால் ஒரு கிள்ளு எடுத்தாள்.

“இது போதுங்க. இதுக்கு மேல போட்டா, சூடு ஏறும்போது களியாயிடும்.”

“அடுப்பங்கரைப் பேச்ச அடுப்பங்கரையிலேயே வெச்சிக்க” என்றான் சீனுவாசன்.

சட்டியைப் பிடுங்கி இரண்டு பிடி அள்ளிக் கொட்டினான். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மாவு, எந்தச் சூட்டில் இறுகும் என்று தினமும் களி கிண்டுகிறவளுக்கா தெரியாது? எப்படியோ போ என்று வாயை மூடிக்கொண்டாள். எஞ்சின் சற்று ஓடியதும் ஒழுகல் நின்றது. பார்த்தாயா என்பதுபோல் அவளைப் பார்த்தான். அதற்குள் முதலாளி வந்து, ஜல்தி ஜல்தி என்று முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் தேவநாதனும் சீர்த்தட்டுகளும் போக, ஒரு வெற்றிலை வைக்கக்கூட இடமில்லை. கார் கிளம்பிப் போயிற்று. தையல்நாயகி வேர்க்கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை கட்டிய தூக்கோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.

விக்கிரவாண்டியில் பஸ் டீக்காக நின்றபோது சாலையோரம் கூட்டம் கூடியிருந்தது. நடுவில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது அவர்களுடைய கார். அவள் இறங்கிப் போனாள். முதலாளி மைல் கல்லில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். வெந்நீர் தெறித்துச் சீனுவாசனின் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. லாரி டிரைவர் ஒருவர் ரேடியேட்டருக்குள் குச்சியை விட்டு எடுத்தார். குச்சி நுனியில் பழுப்பாக, கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது.

“இன்னாப்பா, காருக்குள்ள களி கிண்டி வெச்சிக்கிற?”

கூட்டம் சிரித்தது. முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. இது யார் பண்ணின வேலை என்று அதட்டிக் கேட்டார். சீனுவாசன் திரும்பியபோது, வந்து நிற்கிற மனைவியைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் சொன்னான்.

“எங்க வீட்லதாங்க மாவ எடுத்தாந்து குடுத்துச்சு. பொம்பளைக்கு இன்னா தெரியும், விடுங்க.”

தையல்நாயகிக்கு மூன்று வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக மேலே வந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

“வால்வு எட்டும் நான் தேச்சேன். அதுக்குப் பேரு உங்களுது. மாவு ரெண்டு புடி நீங்க கொட்னீங்க. அதுக்கு மட்டும் பேரு என்னுதா?”

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ரோட்டில் நின்று என்ன பேச்சு, வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று சீனுவாசன் முணுமுணுத்தான். முதலாளி முதல் தடவையாக அவளை ஏறிட்டுப் பார்த்து, வால்வை நீயா தேய்த்தாய் அம்மா என்று கேட்டார்.

“ஆமாங்க. நீங்க உக்காந்துக்கினு வந்த சீட்ட தைச்சதும் நாந்தான். எனக்குன்னு தைச்சது.”

முதலாளி எழுந்தார். மச்சானையும் சீர்த்தட்டுகளையும் கூட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினார். சீனுவாசன், தையலு, தையலு என்று அவள் பின்னாலேயே பஸ் படிவரை வந்தான். அடிப்பிடித்த களிச் சட்டியை எதைப் போட்டு ஊறவைத்து எப்படிக் கழுவ வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. களி தின்ற காரோடு கிடக்கட்டும் என்று ஏறி உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தது போலிருந்தது.

பிறந்த வீட்டு வாசலில் ராஜாமணி நின்றிருந்தாள். தெருக்கோடிவரை பார்த்தாள், கார் எதுவும் வரவில்லை. நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டாள். உள்ளே அம்மா கெங்கம்மாள் முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்க்கவில்லை, விரல்களே தோலையும் பருப்பையும் பிரித்துப் போட்டன. காலடிச் சத்தம் கேட்டு, யார் என்றாள். தையல்நாயகி நேர் எதிரில், ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“நாந்தாம்மா. தையலு.”

அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். மகளின் நெற்றி, கன்னம், காது என்று ஒவ்வொன்றாகத் தடவினாள். இளைத்துவிட்டாய் என்றாள். பிறகு, மாப்பிள்ளையின் கார் எங்கே என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல் தையல்நாயகி கொட்டித் தீர்த்தாள். அது மாப்பிள்ளையின் கார் இல்லை, தான் கட்டிய கார் என்றாள். வால்வையும் சீட்டையும் சொன்னாள், மாவைச் சொன்னாள், நடுரோட்டில் பழியைத் தன் தலையில் போட்டதைச் சொன்னாள். இந்த மனுஷனால்தான் மூன்று வருஷமாக உன்னை வந்து பார்க்க முடியவில்லை என்றும் சொன்னாள். அம்மா முகத்திலிருந்து கையை எடுக்காமல் கடைசிவரை கேட்டாள்.

“இப்ப எதுல வந்த?”

“பஸ்லதாம்மா.”

“எவ்ளோ நேரம் ஆச்சு?”

“ஒண்ணர மணி நேரம் ஆச்சு.”

“அந்த பஸ்ஸு இந்த மூணு வருசமும் தெனம் ஓடிக்கினுதானடி இருந்துச்சு” என்றாள் அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பாள். அம்மாவின் விரல்கள் அவள் கண்ணைத் தொட்டு, ஈரம் பட்டதும் அங்கேயே நின்றன.