கட்டிலுக்கு அடியில் இரண்டு பம்பர்

பதின்மூன்று வருடமாக எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு காரின் இரண்டு பம்பர்கள் கிடந்தன. முன் பம்பர் ஒன்று, பின் பம்பர் ஒன்று. கார் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்னவென்று கேட்டால் நான் கட்டில் விரிப்பை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிடுவேன்.

கார் இருந்தது எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம் வரை. இவருக்கு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படம் கீறுகிற வேலை. இவர் என்றால் என் கணவர். பேரைச் சொல்லுகிற வழக்கம் எனக்கு இல்லை. செக் பொயின்றில் ஆமிக்காரன் கேட்டால்கூட அடையாள அட்டையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். கலியாணத்துக்கு முன்பே, தன் நாட்டுக்குத் திரும்பிப்போன ஒரு தோட்டத்துத் துரையிடம் இவர் எம்.ஜி. என்கிற சிவப்புக் கார் ஒன்று வாங்கியிருந்தார். அதில் இரண்டு பேர் இருக்கலாம். மகள் பிறந்ததும் வேறு கார் எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. அருந்ததி பத்து வயது வரை என் மடியில் இருந்துதான் கொழும்பைப் பார்த்தாள்.

அந்த ஆடியில், பம்பர்கள் மங்கிவிட்டன என்று சொல்லிக் கழற்றி, கிராண்ட்பாஸில் குரோம் அடிக்கிற கடை ஒன்றில் கொடுத்திருந்தார். பம்பர் இல்லாத காரில் கந்தோருக்குப் போவது சேர்ட் போடாமல் போவது மாதிரி என்பது இவருடைய கருத்து. ஆகவே காரைப் பாமன்கடையில், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு மதிலோரமாக ஒழுங்கையில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனார். அது தமிழர் வீடுகளைக் கொளுத்திய அந்தத் திங்கட்கிழமை. காலையில் விட்ட கார் பின்னேரம் இல்லை. வீடும் இல்லை. வீட்டைப் பற்றி இவர் பிறகு ஒரு நாளும் கதைத்ததில்லை.

நானும் அருந்ததியும் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா சுமனாவதி நோனாவின் அறைக்குள் ஒளிந்திருந்தோம். இவர் கந்தோர் இருந்த கோட்டையிலிருந்து தண்டவாளம் வழியாக நடந்து வந்து ஒழுங்கைக்குள் நுழைந்ததை யன்னல் இடுக்கால் கண்டேன். எரிந்து கறுத்த காருக்குப் பக்கத்தில் நின்று வீட்டைப் பார்த்தார். நாங்கள் அதற்குள் இருந்தோம் என்று நினைத்துக்கொண்டுதான் நிற்கிறார் என்பது எனக்கு விளங்கியது. கூப்பிட வாயைத் திறந்தேன். நோனா கையால் பொத்திவிட்டா. ஒழுங்கை முனையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். இவரையும் வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் என்று நினைத்தார்களாக்கும். ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தால் நினைப்பு மாறியிருக்கும்.

அவர்கள் போய், இருட்டும் வந்த பிறகு நோனாவின் கணவர் போய் இவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். அதுவரை நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இவருக்குச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குரோம் கடை ஹாஜியார் நல்ல மனுஷன். அகதி முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தைத் தேடிப்பிடித்து, பேப்பரில் சுற்றிய பம்பர்களைத் தன் வான் வண்டியில் கொண்டுவந்து தந்தார். கண்ணாடி மாதிரி மினுங்கின. மற்றச் சனங்கள் மாற்றுச் சீலை இல்லாமல் இருந்த மண்டபத்தில் நாங்கள் மட்டும் இரண்டு பம்பர்களோடு இருந்தோம். வடக்கே காங்கேசன்துறைக்கு அகதிக் கப்பல் ஏறியபோதும் அவை வந்தன. திரும்பவும் கொழும்பில் வேலைக்கு வந்து வெள்ளவத்தையில் மாடி வீடு எடுத்தபோதும் வந்தன. தீபாவளிக்குத் தீபாவளி நான்தான் துடைத்தேன். எனக்கு அவற்றைக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனாலும் துடைத்தேன்.

தொண்ணூற்றாறில் எங்கள் இரண்டு பேருக்கும் கனடா விசா வந்தது. அருந்ததி ரொறன்ரோவில் இருந்தாள். மார்கழியில் அவளுக்கு முதல் பிள்ளை. கார்த்திகை முடிவதற்குள் நாங்கள் போய் இறங்காவிட்டால் விசா செல்லாது. பிள்ளை பிறக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இவரோ, நீ போ, நான் இருக்கிறேன் என்றார். இவரை எப்படி விட்டுவிட்டுப் போவது? ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கிற நாளில் அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் பாண் வாங்கப் போகிற மனுஷன். ஏன் வரமாட்டீர்கள் என்று ஒரு நாள் பிடித்து வைத்துக் கேட்டேன்.

"உந்தப் பம்பரை என்ன செய்யிறது?" என்றார்.

யாருக்காவது கொடுப்போம் என்றேன். விற்போம் என்றேன். கடலில் போடுவோம் என்றும் சொன்னேன்.

"ஒரு காரிலை பூட்டிப்போட்டு வாறன்," என்றார்.

இல்லாத காரில் மாட்டிப் பூட்டிவிட்டு வருவாராம். இதைவிட மரியாதையாக மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் விசாரித்து, வத்தளையில் ஒரு எம்.ஜி. காரைக் கண்டுபிடித்தேன். மஞ்சள் நிறம். மகனோடு அவுஸ்திரேலியா போகிற ஒருவர் விற்றார். என்ன விலைக்கு வாங்கினேன் என்பது அருந்ததிக்கு இன்றுவரை தெரியாது. எம்.ஜி. என்றால் எம்.ஜி.தானே என்று நினைத்தேன். அதன் முன்னும் பின்னும் தடித்த கறுப்புப் பம்பர்கள் இருந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. களனிப் பாலத்துச் செக் பொயின்றில் ஆமிக்காரன் பெரிதாக எடுத்தான். தடியால் தட்டி, உள்ளுக்கு என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான். தெரியாது என்று நான் உண்மையைச் சொன்னதில் அரை நாள் போனது.

வீட்டு வாசலில் இவர் காரை ஒரு முறை சுற்றி வந்தார். கறுப்புப் பம்பரை ஒரு விரலால் அமத்திப் பார்த்தார்.

"இது ரப்பர்," என்றார். "பிந்தி வந்த மொடல். அந்தப் பம்பர் இதுக்குப் பூட்டேலாது."

இவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே காரைக் கொட்டாஞ்சேனைக்கு, பேர்னாட்டின் கராஜுக்கு அனுப்பினேன்.

பேர்னாட் அந்தச் சிவப்புக் காரையும் பார்த்தவன். வாய் ஓயாத ஆள். அவன் கை வேலை செய்கிற நேரத்தைவிட வாய் வேலை செய்கிற நேரம் கூட. காரைப் பார்த்துவிட்டு, பூட்டலாம் ஆனால் சும்மா பூட்ட முடியாது என்று ஒரு விரிவுரை வைத்தான். கறுப்புப் பம்பரைக் கழற்றினால் காருக்கு முன்மூஞ்சியில் பாதி இல்லை. சிக்னல் லைட் இருந்ததே அந்த ரப்பருக்குள்தான். பின்பக்க மூலைகளில் தகரத்தை வெட்டியிருக்கிறார்கள். அதை அடைத்து டிங்கரிங் செய்ய வேண்டும். பம்பரைத் தாங்குகிற பிராக்கெட் எதுவும் பொருந்தாது. இவ்வளவும் செய்தாலும் கார் நுனிக்காலில் நிற்கிற மாதிரித்தான் இருக்கும். ஏனென்றால் பம்பர் இத்தனை உயரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் போட்டபோது, கம்பெனிக்காரன் பம்பரை உயர்த்தாமல் காரையே உயர்த்திவிட்டானாம்.

அமெரிக்காக்காரன் போட்ட சட்டத்தால் கொட்டாஞ்சேனையில் என் பயணம் நின்றது.

அப்படியென்றால் காரின் உயரத்தை இறக்கு என்று சொன்னேன். பேர்னாட் இவரைப் பார்த்தான். இவர் கூரையைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து கார்த்திகையைக் கடத்தப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அடுத்த நாளிலிருந்து கராஜில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தேன். மின்வெட்டு என்றால் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன். வெல்டிங் காஸ் முடிந்தது என்றால் எங்கே விற்கிறது என்று கேட்டேன். பேர்னாட் ஒரு நாள் ஜுரம் என்று வராமல் விட்டான். சோடாவும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே நோய் பார்க்கப் போனேன். மறுநாள் வந்துவிட்டான்.

பிராக்கெட்டுக்கு இவர்தான் படம் கீற வேண்டும். கீறினார். பிழை என்று கிழித்தார். திரும்பவும் கீறினார். பாலம் கட்டுகிறவன்கூட இவ்வளவு கீறமாட்டான். ஆனால் பின் மூலைக்குத் தகரம் ஒட்டி முடித்த நாள், இவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பம்பர்களைத் தானே இழுத்து எடுத்து, இரண்டையும் தோளில் சுமந்துகொண்டு படியிறங்கினார். அன்றைக்குப் பிறகு படம் ஒன்றிலும் பிழை வரவில்லை. காலையில் எனக்கு முன்பே கராஜுக்கு வெளிக்கிட்டார். நான் திரும்பக் கேட்காமலே காரின் ஸ்பிரிங்கையும் மாற்றி உயரத்தைக் குறைத்தார்கள். ஐப்பசி நடுவில் கடைசி நட்டை இவர் தன் கையால் இறுக்கினார். மஞ்சள் காரில் அந்தப் பழைய குரோம் மினுங்கியது. அழகாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் காலை வெளிக்கிடு என்றார். பிள்ளையார் கோயிலில் காருக்குப் பூசை செய்து தேசிக்காய் வைக்கத்தான் போகிறோம் என்று ஏறினேன். கார் கோயில் பக்கம் திரும்பவில்லை. பாமன்கடையில் எங்கள் பழைய ஒழுங்கைக்குள் போய், அதே மதிலோரம் நின்றது. மதில் மட்டும் பழையது. உள்ளே யாரோ மாடி வீடு கட்டியிருந்தார்கள். சுமனாவதி நோனா வீட்டில் வேறு சனம். இவர் இறங்கி, கதவைப் பூட்டி, திறப்பைச் சேர்ட் பொக்கற்றில் போட்டார்.

"வா, நடந்து போவம். பின்னேரம் வந்து எடுப்பம்."

நேரே பார்த்துக்கொண்டு நடந்தேன். இவருக்கு வேண்டியது இதுதான் என்று அப்போதுதான் பிடிபட்டது. காலையில் விட்ட கார் பின்னேரம் அந்த இடத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு எந்தக் காரும் போதும். ஆனால் அந்தப் பம்பர் உள்ள காராக இருக்க வேண்டும்.

கொழும்பில் அந்த வருடம், அறியாத கார் ஒன்றை ஒழுங்கையில் நாள் முழுக்க விட்டால் என்ன நடக்கும் என்பது வெள்ளவத்தையில் பால்குடிக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் அன்றைக்கு அது தோன்றவில்லை.

பின்னேரம் போனபோது சந்தியிலேயே சனம் குவிந்திருந்தது. ஒழுங்கைக்குக் குறுக்கே கயிறு. வீடுகளில் இருந்தவர்களை வெளியே எடுத்திருந்தார்கள். பெட்டிக்கடைக்காரர் என்னிடம் சிங்களத்தில், பயப்பட வேண்டாம் நோனா, குண்டுக் கார் ஒன்றுதான் என்று ஆறுதல் சொன்னார். எட்டிப் பார்த்தேன். மதில்களுக்குப் பின்னால் ஆமிக்காரர் படுத்துக்கிடந்தார்கள். எல்லாத் துவக்கும் எங்கள் காரையே பார்த்தன. ஒரு குஞ்சு குருவிகூடக் கிட்டப் போக முடியாது.

இவரும் பார்த்தார்.

"நிக்குது," என்றார்.

பிறகு கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே நடக்கத் தொடங்கினார். கடைக்குப் போகிற மாதிரி நடந்தார். யாரோ சிங்களத்தில் நில் என்று கத்தினான். இவருக்குக் கேட்கவில்லை. துவக்குகள் காரை விட்டு இவர் பக்கம் திரும்பின. அதே ஒழுங்கை, அதே மதில், அதே மனுஷனின் முதுகு. இந்த முறை என் வாயைப் பொத்த யாரும் இல்லை.

"தில்லைநாதன்!"

என் தொண்டையிலிருந்து அந்தப் பேர் வந்தது அதுதான் முதல் தடவை. சந்தி முழுக்கக் கேட்டது. தமிழ்ப் பேர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. இவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். மெல்ல இரண்டு கையையும் தூக்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வழக்கம்தான். நிலத்தில் இருத்தினார்கள், சோதித்தார்கள், நாய் ஒன்று காரைச் சுற்றி மணந்துவிட்டுப் போனது. தூர நின்று கொக்கி போட்டு டிக்கியை இழுத்துத் திறந்ததில் பின் பம்பரில் ஒரு நெளிவு விழுந்தது. உள்ளே பேர்னாட் மறந்துவிட்ட ஸ்பானர் ஒன்று இருந்தது. ஏன் இங்கே விட்டாய் என்று அதிகாரி கேட்டார். இவர் தன் கந்தோர்ச் சிங்களத்தில், எண்பத்துமூன்றில் இந்த இடத்தில் ஒரு கார் விட்டேன், பின்னேரம் வரும்போது அது இல்லை, இன்றைக்கு இருக்குமா என்று பார்த்தேன் என்றார். அதிகாரி இவருடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த இடைவெளியில் நான் கடவுச்சீட்டுகளை நீட்டி விசாவைக் காட்டினேன். நாட்டை விட்டுப் போகிறவர்கள் என்றதும் அவருடைய முகம் தெளிந்தது. காரை உடனே எடுக்கச் சொன்னார். நாள் முழுக்கக் காருக்குக் காவல் இருந்ததற்கு இவர் அவருக்கு நன்றி சொன்னார். நக்கல் இல்லை. உண்மையாகவே சொன்னார்.

பாமன்கடைச் சந்தியைத் தாண்டினோம். இவர் வீதியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அண்டைக்கும் என்னைக் கூப்பிட்டனியோ?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"கூப்பிட வெளிக்கிட்டனான். நோனா வாயைப் பொத்திப்போட்டா."

"அப்ப நீ பாத்துக்கொண்டு நிண்டனியோ?"

"ஓம். முழு நேரமும்."

இவர் கியரை மாற்றினார். காலிக்குப் போகிற பெரிய வீதியில் பஸ் ஒன்றுக்கு வழி விட்டார்.

"நான் தனிய நிண்டனான் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. இவர் பார்க்காத மாதிரி ஓட்டினார். வெள்ளவத்தைப் பாலம் வந்ததும், ரொறன்ரோவில் இந்த மாதம் குளிர் எப்படி, தன்னுடைய சுவெட்டர் போதுமா என்று கேட்டார்.